ஆட்ட நாளுக்குக் கொடியும் ஜேர்சியும்: புறக்கோட்டையில் எதைப் பார்த்து வாங்குவது

கெத்தாராம மைதானத்தில் இலங்கைக் கிரிக்கெட் அணி ஆடும் நாள் நெருங்கினால் போதும், கொழும்புப் புறக்கோட்டைப் பிரதான வீதியிலும் குறுக்குத் தெருக்களிலும் சிங்கக்கொடி குவிந்துவிடும். மாளிகாவத்தைப் பக்கம் போகிற வீதியோரத்தில் அதே சரக்கு ஆட்ட நாளன்று இன்னொரு விலைக்குத் தொங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே கொடி, ஒரே நீல ஜேர்சி. கையில் எடுத்துப் பார்த்தால்தான் துணியில், அச்சில், தையலில், அளவில் எத்தனை பேதம் என்று தெரியும். இங்கே பார்க்கப் போவது மூன்று சாமான்கள்: கொடி, ஜேர்சி, ஜேர்சியின் முதுகில் தமிழில் பெயர் அடித்துக் கொடுக்கும் வேலை. இந்த மூன்றில் கொடிக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். மலிவுக் கொடியில் முதலில் காணாமல் போவது சிங்கமோ வாளோ அல்ல. பச்சைப் பட்டியும் செம்மஞ்சள் பட்டியும்தான் போகின்றன.

முதலில் அளவு. இலங்கைக் கொடியின் நீளம் உயரத்தைப் போல இரு மடங்கு. நாட்டின் தர நிர்ணயப் பட்டியலில் எஸ்எல்எஸ் 1 என்ற முதல் இலக்கமே தேசியக் கொடிக்குத்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே 2 அடி உயரமென்றால் 4 அடி நீளம், 3 அடி உயரமென்றால் 6 அடி நீளம். ஆனால் கடையில் அதிகம் கிடைப்பது 3 அடிக்கு 2 அடி. இந்திய, பாகிஸ்தான் கொடிகளுக்கு அந்த அளவு சரி. நம் கொடிக்கு அது பொருந்தாது. 4 அடியில் வரவேண்டிய படத்தை 3 அடியில் அடக்க, அச்சடிப்பவர் இரண்டில் ஒன்றைச் செய்வார். முழுப் படத்தையும் பக்கவாட்டில் நெருக்கினால் சிங்கம் குறுகி, கால்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். சிங்கத்தை அப்படியே விட்டு மிச்சத்தை நெருக்கினால் இரண்டு பட்டிகளும் நாடாப் போல ஒடுங்கிவிடும்.

அளவு நாடா கையில் இல்லாவிட்டாலும் சரிபார்க்கலாம். கொடியை நீளவாக்கில் பாதியாக மடியுங்கள். சரியான கொடி சதுரமாக வரும். அந்தச் சதுரத்தை மூலைக்கு மூலை முக்கோணமாக மடித்தால் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும். ஓர் அங்குலத்துக்கு மேல் மிஞ்சினால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கடைக்காரர் முன்னாலேயே இதைச் செய்து காட்டினால் பேரத்துக்கும் உதவும்.

அடுத்தது ஒழுங்கு. கம்பத்தின் பக்கம் முதலில் பச்சை, அதையொட்டிச் செம்மஞ்சள். இரண்டும் ஒரே அகலம். அவற்றுக்கு அப்பால் மஞ்சள் கரை கட்டிய கருஞ்சிவப்புக் கட்டம். அதற்குள் வலது முன்காலில் வாள் ஏந்திய சிங்கம், நாலு மூலையிலும் அரசிலை. சிங்கத்தின் முகம் பட்டிகளை நோக்கியே இருக்கும். பின்பக்கத்திலிருந்து பார்க்கும்போது எல்லாம் இடம் வலமாகத் திரும்பித் தெரிவது இயல்புதான், சிங்கம் அப்போதும் கம்பத்தைத்தான் பார்க்கும். இரண்டு துணிகளை முதுகோடு முதுகாகச் சேர்த்துத் தைத்த கொடிகளில்தான் வில்லங்கம். ஒரே படத்தை இரண்டு தடவை அடித்து, பின்துணியைத் திருப்பாமல் தைத்துவிட்டால் ஒரு பக்கத்தில் சிங்கம் கம்பத்துக்கு முதுகைக் காட்டி நிற்கும், பட்டிகள் வெளி ஓரத்துக்குப் போய்விடும்.

இனி மிகவும் பரவலான பிழை. பச்சை அரைவாசியாகவோ முழுதாகவோ மறைந்திருக்கிற கொடிகளைக் கவனித்திருப்பீர்கள். யாரோ வேண்டுமென்றே வெட்டியது என்று எண்ணத் தோன்றும். பெரும்பாலும் காரணம் தையல்தான். அச்சு துணியின் விளிம்பு வரை வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு கம்பு நுழைய உறை வேண்டும் என்று தையல்காரர் அந்தப் பக்கத்தில் ஒன்றரை, இரண்டு அங்குலத்தை மடித்து அடிக்கிறார். மடிப்புக்குள் போவது மஞ்சள் கரையும் அதன் பின்னாலுள்ள பச்சையும். 2 அடி நீளமுள்ள சின்னக் கொடியில் பட்டியின் அகலமே சில அங்குலம்தான், மடிப்பு அதில் பெரும் பங்கைத் தின்றுவிடும். நல்ல கொடியில் உறைக்கென்று தடித்த வெள்ளைத் துணிப்பட்டை தனியாக வைத்துத் தைத்திருப்பார்கள், அச்சில் ஒரு நூல்கூட மடிப்புக்குள் போகாது. மொத்தமாக 50, 100 கொடி செய்விக்கிற பாடசாலைகளும் கழகங்களும் ஓடர் கொடுக்கும்போதே உறையைத் தனித் துணியில் வைக்கச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் துணி மிச்சம் பிடிக்கிற வழியைத்தான் தையல்காரர் பார்ப்பார்.

இது வெறும் தையல் நுணுக்கம் என்று ஒதுக்கக் கூடிய விஷயம் அல்ல. 1948இல் ஏற்றப்பட்ட சிங்கக்கொடியில் இந்தப் பட்டிகள் இருக்கவில்லை. அது கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கொடி. அவன் மதுரை நாயக்கர் வழியில் வந்தவன், ஆங்கிலேயர் சிறைப்பிடித்துக் கொண்டுபோய் 1832இல் வேலூரில் இறந்தவன். சுதந்திரத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட கொடிக் குழு 1950இல் அறிக்கை கொடுத்து, 1951இல் தமிழருக்குச் செம்மஞ்சளும் முஸ்லிம்களுக்குப் பச்சையும் சேர்ந்தன. அந்தக் குழுவில் இருந்த செனட்டர் எஸ். நடேசன், இந்த வடிவம் ஒற்றுமைக்கு அடையாளம் ஆகாது என்று சொல்லி இணங்காமல் நின்றார். பட்டிகள் சிங்கத்தின் கட்டத்துக்கு வெளியே நிற்பதைப் பற்றிய அந்தப் பேச்சு இன்றைக்கும் நம் வீடுகளில் நடக்கிறது, நடக்கவும் வேண்டும். ஆனால் கொடி என்று சட்டம் சொல்வது இரண்டு பட்டியும் உள்ள கொடியைத்தான். பட்டியே இல்லாத சிங்கக்கொடியும் சந்தையில் தொங்குகிறது. பழைய அரச கொடி என்று சொல்லி விற்பார்கள். இலங்கை அணிக்காக அதைத் தூக்குவது, அணியிலும் அரங்கிலும் இருக்கிற பலரை வெளியே நிறுத்துவதற்குச் சமம். ஆட்டத்துக்கென்று அதை வாங்காதீர்கள், பரிசாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

துணியும் அச்சும்

நாலு வகைத் துணியில் கொடி வருகிறது. மினுங்குகிற சற்றின் பார்வைக்கு அழகு. ஆனால் வெட்டிய ஓரத்தில் நூல் பிரிந்துகொண்டே போகும், தோளில் போட்டால் வழுக்கி விழும். மெல்லிய நெய்த பொலியெஸ்டர் மலிவு, ஒரு நாளுக்குத் தாங்கும். கொட்டன் கொடியில் நிறம் ஆழமாக இருந்தாலும் நனைந்தால் கனக்கும், மெதுவாகத்தான் காயும். பின்னல் பொலியெஸ்டர்தான் அரங்குக்கு ஏற்றது. 100 முதல் 120 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீற்றர் துணியின் எடை, கிராமில்) கனம் போதும், சின்னக் காற்றிலும் விரியும், அச்சு மறுபக்கம் வரை ஊறும். சிங்கத்தைத் தனித் துணியில் வெட்டி வைத்துத் தைத்த கனமான கொடிகளும் உண்டு. வேலைப்பாடு நேர்த்திதான், ஆனால் அவை வீட்டு முற்றத்துக்கும் அலுவலகக் கம்பத்துக்கும் உரியவை. அரங்கில் அரை மணி நேரம் அசைத்தால் தோள் கடுக்கும்.

அச்சில் இரண்டு வழிகள். ஸ்கிரீன் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சட்டம், மையை மேலே தேய்த்து இறக்குவார்கள். மை துணியின் மேல்தளத்தில் படலமாக நிற்பதால் பின்பக்கம் வெளிறித் தெரியும், மடித்த இடத்தில் வெடிக்கும். சப்ளிமேஷனில் படத்தைக் காகிதத்தில் திருப்பி அடித்து, துணியோடு சேர்த்து ஏறத்தாழ 200 பாகை சூட்டில் அழுத்துவார்கள். மை ஆவியாகி இழைக்குள்ளேயே போய்விடும். அது வெடிக்காது, உரியாது, கையால் தடவினால் அச்சடித்த உணர்வே இராது. ஆனால் அது பொலியெஸ்டருக்கு மட்டுமே பிடிக்கும். கொட்டன் கலந்த துணியில் அடித்தால் ஆரம்பத்திலேயே மங்கல், ஒரு கழுவலில் இன்னும் மங்கல்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. வெள்ளைக் கைக்குட்டையின் நுனியைத் தண்ணீரில் நனைத்து, கருஞ்சிவப்பின் மேல் பத்துப் பதினைந்து தடவை அழுத்தித் தேயுங்கள். துணியில் சிவப்பு ஏறினால் அந்தக் கொடி மழைக்கு ஆகாது. கருஞ்சிவப்பில்தான் சாயம் அதிகம், அடித்த பிறகு சரியாக அலசாமல் விட்டால் முதல் தூறலிலேயே மஞ்சள் கரைக்கும் செம்மஞ்சளுக்கும் பரவிவிடும். போர்த்திக்கொண்டவரின் சட்டையும் போச்சு. கொழும்பில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே முடியாது, இங்கே மாலை ஆட்டமும் மாலை மழையும் ஒன்றாகவே வரும். மைதானம் முழுவதையும் படுதாவால் மூடுகிற வழக்கம் நம் நாட்டின் பெருமை. 2023 செப்டெம்பர் 17ஆம் திகதி ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கையை 50 ஓட்டங்களுக்குச் சுருட்டிய இந்தியப் பந்துவீச்சாளர் மொஹமட் சிராஜ், தன் ஆட்ட நாயகன் பரிசுப் பணத்தை அந்த மைதானப் பணியாளருக்கே கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்குத் தோற்ற அரங்கிலிருந்த நம் ஆட்களுக்கு ஆறுதலாக இருந்தது அது ஒன்றுதான்.

தையலில் பார்க்க வேண்டிய இடம் கம்பத்துக்கு எதிர்ப்பக்கம், காற்றில் படபடக்கிற ஓரம். கொடி கிழியத் தொடங்குவது எப்போதும் அங்கேதான். இரட்டை மடிப்பும் குறைந்தது இரண்டு வரித் தையலும் இருக்க வேண்டும். நாலு வரி இருந்தால் பல வருடம் பாவிக்கலாம். ஒற்றை ஓவர்லொக் மட்டும் போட்ட கொடியை ஓரத்தில் பிடித்து மெல்ல இழுத்தாலே நூல் கழன்று வரும்.

கம்புக்கும் ஒரு வார்த்தை. இரும்புக் குழாய், மரத்தடி, தடித்த பிவிசி எல்லாம் வாசல் சோதனையில் நின்றுவிடும், பொலிஸாரோடு வாதாடிப் பயனில்லை. கைக்கொடிக்கு மெல்லிய பிளாஸ்டிக் குச்சி போதும், 2 அடிக்கு மேற்பட்டதைக் கம்பில்லாமல் கொண்டுபோய் இரண்டு மூலைகளைப் பிடித்து விரிப்பதே நல்லது. கம்பில் கட்டிய பெரிய கொடியோடு மைதான ஓரத்தில் ஓடித் திரிந்த பேர்சி அபேசேகரவை எல்லாருக்கும் தெரியும். 1979 உலகக் கிண்ணம் தொடங்கி இலங்கைக்காகக் குரல் கொடுத்தவர், 2023 ஒக்டோபர் 30இல் காலமானார். எதிரணி வீரரையும் அதே குரலில் வரவேற்றவர் அவர். அந்த வருடம் ஆசியக் கிண்ணத்துக்கு வந்திருந்த இந்திய வீரர் ரோஹித் சர்மா அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தார். கொடி பிடிக்கிறவர் எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதற்கு கொழும்பில் வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

கன்னத்தில் பூசும் வண்ணம் பற்றிச் சுருக்கமாக: போஸ்டர் கலரை முகத்தில் பூசாதீர்கள், வியர்வையோடு கண்ணில் இறங்கினால் எரியும். முகத்துக்கென்று விற்கிற நீர்ச் சாயத்தை வாங்கி, முதல் நாளே முன்கையில் பூசிப் பாருங்கள்.

ஜேர்சி

அதிகாரபூர்வ ஜேர்சிக்கும் புறக்கோட்டை நகலுக்கும் விலையில் பெரிய இடைவெளி. அந்த இடைவெளிக்கு நியாயம் உண்டா? துணியைப் பொறுத்தவரை உண்டு. நம் ஆடைத் தொழிலின் தரம் உலகறிந்தது. 2019 உலகக் கிண்ண ஜேர்சியை எம்ஏஎஸ் நிறுவனம் கடலோரத்தில் சேர்த்த பிளாஸ்டிக் கழிவை மறுசுழற்சி செய்த நூலில் செய்தது, கழிவைச் சேர்க்கக் கடற்படை உதவியது. அப்படி ஒரு துணியைச் செய்யத் தெரிந்த நாட்டில், நகல் என்ற பெயரில் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிகிற துணியை விற்பதைப் பார்க்க மனசுக்குச் சங்கடமாக இருக்கிறது.

நல்ல ஜேர்சித் துணி 140 முதல் 160 ஜிஎஸ்எம். சின்னச் சின்னத் துளை உள்ள பின்னல், வியர்வை வெளியேறும், நனைந்தாலும் உடம்போடு ஒட்டாது. மலிவு நகலில் கனம் குறைவு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பின்னால் உங்கள் விரல்களை எண்ண முடிந்தால் விட்டுவிடுங்கள். நீலம் ஊதாப் பக்கம் சாய்ந்திருந்தால் சப்ளிமேஷன் சூடோ நேரமோ பிசகியிருக்கலாம். நெஞ்சுச் சின்னத்தில் வாளின் விளிம்பும் பிடரியும் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். நகல் படத்திலிருந்து எடுத்து அடித்ததென்றால் இரண்டும் ஒரே திட்டாகக் கலந்திருக்கும். உட்பக்கத்தைத் திருப்பி, பக்கத் தையல் நேராக இறங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். துணியைச் சாய்த்து வெட்டியிருந்தால் இரண்டு கழுவலில் அந்தத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பி வந்துவிடும்.

அளவுச் சீட்டை நம்ப வேண்டாம். ஒரே கடையில் இரண்டு கட்டுகளிலிருந்து எடுத்த லார்ஜ் இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. ஜேர்சியைத் தட்டையாக விரித்து அக்குளிலிருந்து அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அது உங்கள் நெஞ்சளவைவிட 4 அங்குலமாவது கூட இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு 5 அங்குலம் கூட்டி எடுத்தால் அடுத்த வருடமும் போடலாம்.

முதுகில் தமிழ்ப் பெயர்

இந்த வேலையைத்தான் நம்மவர்கள் அதிகம் விசாரிக்கிறார்கள், கடைகள் அதிகம் சொதப்புவதும் இதில்தான். ஆங்கிலப் பெயர் என்றால் பத்து நிமிட வேலை. தமிழுக்கு மூன்று இடங்களில் சிக்கல் வரும்.

முதலாவது எழுத்துரு. இங்குள்ள பல அச்சுக் கடைகளில் தமிழ் என்றால் இன்றும் பாமினி என்ற, யுனிகோடு அல்லாத பழைய எழுத்துருதான். நீங்கள் ஃபோனில் யுனிகோடில் அனுப்பிய பெயரை அந்தக் கணினியில் ஒட்டினால் கட்டம் கட்டமாக வரும், அல்லது கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும். ‘கௌ’ வர வேண்டிய இடத்தில் கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம். கடைக்காரர் பிறகு தன் கைப்பட மறுபடி தட்டச்சுவார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டால் ‘ன’வும் ‘ண’வும் இடம் மாறும், ‘ர’ இருக்க வேண்டிய இடத்தில் துணைக்கால் நிற்கும். இதற்கு ஒரே வழி, பெயரைத் தடித்த எழுத்துருவில் நீங்களே அமைத்து, எழுத்துகளைக் கோட்டுருவமாக (அவுட்லைன்) மாற்றி பிடிஎஃப் கோப்பாகக் கொடுப்பது. எந்தக் கணினியில் திறந்தாலும் அது மாறாது. வெட்டுவதற்கு முன் சாதாரணத் தாளில் உண்மையான அளவில் ஒரு பிரதி எடுத்து, ஜேர்சியின் முதுகில் ஊசியால் குத்திப் பாருங்கள். எழுத்தின் உயரம் 2 முதல் இரண்டரை அங்குலம், முழுப் பெயரும் 11 அங்குலத்துக்குள். தமிழ் எழுத்து அகலம் பிடிக்கும் என்பதால் ‘விக்னேஸ்வரன்’ போன்ற நீண்ட பெயருக்கு உயரத்தைக் குறைப்பதே சரி. பக்கவாட்டில் நசுக்கினால் எழுத்தின் சுழிகள் அடைபட்டுவிடும்.

இரண்டாவது புள்ளி. வைனில் தாளில் எழுத்தை வெட்டி ஒட்டும்போது மெய்யெழுத்தின் புள்ளி தனித் துண்டாக நிற்கிறது. 3 மில்லிமீற்றர் அளவில் வெட்டிய புள்ளிக்குப் பிடிமானம் போதாது. மிச்சத் தாளை உரிக்கும்போதே சில போய்விடும், தப்பியவை இரண்டாம் மூன்றாம் கழுவலில் உரியும். ‘கார்த்திக்’ என்று அடித்த ஜேர்சியில் மூன்று புள்ளியும் போனால் பெயரே ‘காரததிக’ ஆகிவிடும். புள்ளியின் குறுக்களவை 5 மில்லிமீற்றருக்குக் குறையாமல் வைக்கச் சொல்லுங்கள். அதைவிட நல்ல வழி, மஞ்சள் எழுத்தைச் சுற்றி 2 மில்லிமீற்றர் அகலத்தில் கருநீலக் கரை வைப்பது. கரை எழுத்தையும் புள்ளியையும் ஒரே துண்டாக இணைத்துவிடும், பிறகு புள்ளி தனியாக உரிய வழியே இல்லை. டிடிஎஃப் முறையில் படலத்தில் அச்சடித்து ஒட்டுவதானால் இந்தக் கரைக்குத் தனிக் கூலியும் கிடையாது.

மூன்றாவது சூடு. ஜேர்சியின் நீலமே சூட்டினால் ஏற்றிய சாயம்தான், மறுபடி சூடு கூடினால் அது மேலே ஒட்டிய எழுத்துக்குள் ஏறும். வெள்ளை எழுத்து இளநீலமாகும், மஞ்சள் எழுத்து பச்சை தட்டும். கொட்டன் டீசேர்ட்டுக்கு வைக்கிற 150, 160 பாகையை ஜேர்சிக்கும் வைப்பதால் வருகிற வினை இது. சூடு குறைவாக ஒட்டுகிற தாளைக் கேட்டு வாங்கி, 130 பாகையில் 10 முதல் 15 விநாடி அழுத்தி, நன்றாக ஆறிய பிறகு மேற்தாளை உரிக்க வேண்டும். அவசரத்தில் சூட்டோடு உரித்தால் எழுத்தின் மூலைகள் கிளம்பும். ஆட்ட நாள் காலையில் கொண்டுபோய்க் கொடுத்து மத்தியானம் கேட்டால் இதில் எதுவும் ஒழுங்காக நடக்காது.

யார் போடுவது, யாருக்காகப் போடுவது

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இந்தியா–இலங்கை ஆட்டம் வந்தால் ஒரு வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி இருக்கும். அது காலங்காலமாக உள்ளது, அதில் துரோகம் ஒன்றும் இல்லை. 1990இல் பிரித்தானிய அரசியல்வாதி நோர்மன் டெபிட், குடியேறி வந்தவர்கள் எந்த அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்பதை வைத்து அவர்களின் விசுவாசத்தை அளக்கலாம் என்ற கருத்தைச் சொன்னார். அந்த அளவுகோல் அன்றைக்கே பிழை. இங்கே யாராவது உங்கள் கையில் கொடியைத் திணித்து அதே சோதனையை வைத்தால் அதுவும் பிழை. ஒலிம்பிக் சாசனமே போட்டி வீரருக்கும் அணிக்கும் இடையில்தான், நாடுகளுக்கு இடையில் அல்ல என்று எழுதி வைத்திருக்கிறது.

அதே நேரம் இந்தக் கொடியும் ஜேர்சியும் நமக்குச் சம்பந்தமில்லாதவை என்று எண்ணுகிறவர்களிடமும் சொல்ல ஒன்று உண்டு. 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் வென்று இந்த நாட்டுக்கு முதல் ஆசியத் தங்கத்தைக் கொண்டுவந்தவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 2018இல் சிங்கப்பூரில் ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை இலங்கை வென்றபோது முன்னால் நின்றவர் தர்ஜினி சிவலிங்கம். முரளிதரனின் பந்து எறிபந்து என்று 1999 ஜனவரியில் அடிலெய்டில் நடுவர் கை நீட்டியபோது அர்ஜுன ரணதுங்க அணியையே எல்லைக் கோடு வரை நடத்திக்கொண்டு போனார். அன்றைக்கு நாடு முழுவதும் ஒரு மலையகத் தமிழனுக்காகக் கோபப்பட்டது. போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. கொடியின் செம்மஞ்சளுக்கு இப்படி உரிமை சம்பாதித்தவர்கள் இருக்கிறார்கள்.

இந்த ஜேர்சிக்கு வேறு அர்த்தம் உள்ள ஊர்களும் உண்டு, அதை மறைத்து எழுத முடியாது. 2013இல் தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பினால் ஐபிஎல் ஆட்டங்களுக்கு இலங்கை வீரர்கள் சென்னைக்கு வர முடியவில்லை. அதே வருடம் ஜூனில் கார்டிஃபில் நடந்த சம்பியன்ஸ் கிண்ண அரையிறுதியின்போது புலம்பெயர்ந்த தமிழர்கள் மைதானத்துக்குள் இறங்கி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்களின் வலிக்குக் காரணங்கள் இருந்தன. கொழும்பில் ஜேர்சி வாங்குகிற தமிழருக்கு அந்த வலி தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். தெரிந்துகொண்டே வாங்குகிறார்கள். தேசிய கீதத்திலும் அப்படித்தான். 2016 பெப்ரவரி 4இல் காலிமுகத்திடல் சுதந்திர தின விழாவில் தமிழிலும் பாடப்பட்டது, 2020இல் சிங்களத்தில் மட்டும். அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியில் அந்த வரிகள் தமிழில் அப்படியே இருக்கின்றன. கெத்தாராமவில் பெருந்திரை இருக்கிறது. கீதம் ஒலிக்கும்போது அந்தத் தமிழ் வரிகளை அதில் எழுத்தாக ஓடவிட ஒரு சதமும் செலவில்லை. ஆட்டம் நடத்துகிறவர்கள் இதைச் செய்ய வேண்டும்.

எதிரணிக் கொடியும் வாங்குங்கள், அதற்கும் இந்த நகரத்தில் மரபு உண்டு. 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கி குண்டுவெடிப்புக்குப் பிறகு அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் உலகக் கிண்ண ஆட்டங்களுக்கு இங்கே வர மறுத்தபோது, இந்திய, பாகிஸ்தான் வீரர்கள் ஒரே அணியாகச் சேர்ந்து பெப்ரவரி 13இல் கெத்தாராமவில் நம்மோடு ஆடினார்கள். நம் களுவித்தாரண ஆட்டமிழந்தது பாகிஸ்தானின் வசீம் அக்ரமின் பந்தில், பிடித்தவர் இந்தியாவின் டெண்டுல்கர். 2022 ஜூனில் எரிபொருள் வரிசைகளுக்கு நடுவே அவுஸ்திரேலியா சுற்றுப்பயணம் வந்தபோது கடைசி ஒருநாள் ஆட்டத்துக்கு நம் ரசிகர்கள் மஞ்சள் உடுத்திப் போய் நன்றிப் பலகை பிடித்தார்கள். தொடரை வென்றிருந்தவர்கள் நாம். அந்த மாலையைவிட நல்ல தேசப்பற்று அந்த அரங்கில் வெளிப்பட்டதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

வாங்கும்போது: இந்தியக் கொடிக்கு 3க்கு 2 அளவு சரி, சக்கரத்தில் 24 ஆரங்கள் இருக்க வேண்டும். அவசர அச்சில் ஆரங்கள் எண்ணிக்கையில் குறையும், எண்ணிப் பார்த்தே வாங்குங்கள். பாகிஸ்தான் கொடியில் கம்பத்தின் பக்கம் நீளத்தின் கால்பங்கு வெள்ளை. அந்த வெள்ளை அங்குள்ள சிறுபான்மையினருக்குரியது. உறையை மடித்து அடிக்கிற அதே பழக்கம் அதையும் தின்கிறது, ஆகவே அங்கும் உறையைப் பாருங்கள். அவுஸ்திரேலியக் கொடி நம்முடையதைப் போல இரண்டுக்கு ஒன்று.

பராமரிப்பு சுலபம். கொடியைக் குளிர்ந்த நீரில் தனியாக அலசி, முறுக்காமல், நிழலில் தட்டையாக உலர்த்துங்கள். ஈரத்தோடு மடித்தால் கருஞ்சிவப்பு மஞ்சளில் படியும். பெயர் அடித்த ஜேர்சியை முதல் 24 மணி நேரம் தண்ணீரில் போடக் கூடாது. பிறகு உட்பக்கம் வெளியே வரத் திருப்பி, குளிர்ந்த நீரில் கழுவுங்கள். எழுத்தின் மேல் அயன் பெட்டியை வைக்கவே வேண்டாம்.

கடைக்குப் போகிற நேரமும் முக்கியம். ஆட்டத்துக்கு ஒரு கிழமைக்கு முன், வேலை நாள் காலையில் போனால் கொடியை விரித்து மடித்துப் பார்க்கக் கடைக்காரருக்கும் பொறுமை இருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் பல கடைகள் மூடியிருக்கும், போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் மொத்தக் கடைகளை எதிர்பார்க்க வேண்டாம். நாலைந்து வீட்டுக்காரர் சேர்ந்து ஒரு டசினாக எடுத்தால் மொத்த விலை கேட்கலாம். எடுக்கும்போது கட்டை அப்படியே வாங்கிக்கொண்டு வராமல் ஒவ்வொன்றையும் பிரித்து உறைப் பக்கத்தைப் பாருங்கள். ஒரே கட்டுக்குள் பச்சை முழுதாக உள்ளதும் பாதி மடிந்ததும் கலந்தே வரும்.